கூபர் பீடிக்கு ஒரே நாளில் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில் வந்த ஆஸ்திரேலிய அவுட்பேக் (உள்நாட்டு வறண்ட வெளி) கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அடிலெய்டிலிருந்து ஓபல் என்ற ரத்தினக்கல் தோண்டும் ஊரான கூபர் பீடி வரை சுமார் 850 கி.மீ. தூரத்தை ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று எழுதியிருந்தது மனதை உறுத்துகிறது. நான் அடிலெய்டில் வசிப்பவள். குடும்பத்தோடு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகப் போய் வருகிறவள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள் இதை நம்பிக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நல்ல தார்ச்சாலைதான். மணிக்கு 110 கி.மீ. வரை போகலாம். ஆனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கங்காருக்கள் மேய்ச்சலுக்கு வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். ஓரமாக நிற்கும் கங்காரு எந்தப் பக்கம் தாவும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் நாள் வழியில் உள்ள போர்ட் அகஸ்டாவில் தங்கிவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறியபின் கிளம்பினால் கூபர் பீடிக்கு சுமார் 540 கி.மீ.தான், நாலு மணிக்கெல்லாம் போய்விடலாம்.

காலையில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். இரவில் அடிபட்டுச் செத்த கங்காருவின் மேல் ஆப்புவால் கழுகு உட்கார்ந்திருக்கும். வயிறு முட்டத் தின்ற கழுகால் சட்டென்று எழும்ப முடியாது. இரண்டு மீட்டர் அகலச் சிறகை அடித்துக்கொண்டு, கார்க் கண்ணாடி உயரத்திலேயே தாழப் பறக்கும். தூரத்தில் கண்டதுமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அப்புறம் ரோடு டிரெயின். ஒரே லாரிக்குப் பின்னால் வரிசையாக டிரெய்லர்கள், 53.5 மீட்டர் வரை நீளம். எதிரே வந்து கடக்கும்போது காற்று காரை ஒரு தள்ளு தள்ளும். ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருக்க வேண்டும்.

வழியில் பிம்பா என்ற சிற்றூரைத் தாண்டியதும் ஹார்ட் ஏரியில் கட்டாயம் இறங்குங்கள். கண்ணுக்கு எட்டியவரை உப்பு. கால் வைத்தால் மேல்தோடு நொறுங்கும், கீழே ஈரச்சேறு. என் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு!

அடுத்து வரும் கிளென்டாம்போ என்ற சிற்றூரை விட்டால் கூபர் பீடி வரை சுமார் 250 கி.மீ.க்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. நடுவில் போன் சிக்னலையும் நம்ப முடியாது. பங்க் கண்ட இடத்தில் டேங்கை நிரப்புங்கள். குடிதண்ணீர் தாராளமாக இருக்கட்டும். கார் நின்றுபோனால் உதவி தேடி நடக்கவே கூடாது. வெட்டவெளியில் தனி ஆளைவிட கார்தான் தேடுகிறவர் கண்ணில் படும். 1928 முதல் இயங்கும் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்குவதற்காக, சில இடங்களில் நெடுஞ்சாலையிலேயே ஓடுபாதைக் கோடுகள் போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை அதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

கூபர் பீடியில் கூடாரம் போடவும் வெளிச்சம் வேண்டும். தரை கல் மாதிரி இறுகியிருக்கும். முளை இறங்காது, நல்ல சுத்தியல் எடுத்துப் போங்கள். ஊரைச் சுற்றி ஓபல் தோண்டிய குழிகள் மூடாமல் கிடக்கின்றன. போட்டோ எடுக்கப் பின்னால் நகராதீர்கள் என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே உண்டு. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது வரைபடத்தில் பெட்ரோல் பங்குகளையும் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்த மாதத்தில் பொழுது எப்போது சாயும் என்பதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அடிலெய்டு