கேட்டில் நாற்காலி போட்ட வாட்சர் தம்பிக்கு

தம்பி, வணக்கம்.

போன சனிக்கிழமை விடிகாலையில் வந்த பக்கச்சக்கர ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கும். "வண்டி உள்ளே விடக்கூடாது சார், நடந்து போங்க" என்றீர்கள். அப்புறம்தான் என் காலில் மாட்டியிருந்த காலிபரை, அந்த இரும்புத் தாங்கியைக் கவனித்தீர்கள். ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டீர்கள். அதில் உட்கார்ந்தே ஒரு மாங்குயில், இரண்டு பனங்காடை பார்த்துவிட்டேன். உங்கள் மேல் கோபமில்லை. எந்தச் சரணாலயம் என்றும் எழுதமாட்டேன்; உங்களுக்கு மெமோ வந்துவிடும்.

கருவேலமரத்தில் நாரை அடைகாக்கிற காலத்தில் வண்டிச் சத்தம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்கிற வண்டியைவிட நடக்கிற ஆளுக்குத்தான் பறவை அதிகம் மிரளும். நம்பாவிட்டால் மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாய்க்கு வாருங்கள். மடைப் பக்கம் கரையில் வண்டியை ஆஃப் செய்துவிட்டுச் சும்மா இருப்பேன். முதலில் ஆள்காட்டிக் குருவி கத்தித் தீர்க்கும். கொஞ்ச நேரத்தில் நெடுங்கால் உள்ளான் பத்தடிக்குள் வந்து சேற்றைக் கொத்தும். ஒருநாள் இலைக்கோழி ஒன்று மிதக்கிற இலைமேல் கால் வைத்தது. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீள விரல்கள். பாரம் அத்தனை விரலுக்கும் பிரிந்துவிடுகிறது. இலை லேசாக அமுங்குகிறது, தண்ணீர் ஏறுவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. பைனாகுலரை இறக்க மனசே வரவில்லை. கூட வந்த மச்சான் போட்டோ எடுக்கிறேன் என்று கரையிலிருந்து இரண்டடி இறங்கினான். மொத்தமும் பறந்தது. வண்டி அதே இடத்தில்தான் நின்றது.

எல்லா வண்டியையும் விடச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளி வண்டி மட்டும், ஹாரன் இல்லாமல், மெதுவாக, கரைமுனை வரை. போர்டில் அதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் சரணாலயத்தில் பறவை பார்க்கிற கோபுரத்தை மச்சான் போனில் எடுத்துவந்து காட்டினான். அத்தனை படி என்னால் ஆகாது, விடுங்கள். கீழே ஒளிந்து பறவை பார்க்க வைத்திருக்கிற தட்டி மறைப்பிலும் பார்க்கிற ஓட்டை, நிற்கிறவர் கண் உயரத்துக்கு இருக்கிறது. இரண்டடி கீழே இன்னொன்று போட்டால் எனக்கும் ஆச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஆச்சு. அரிவாள் ஒன்று இருந்தால் அரைமணி நேர வேலை.

நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதை உங்களிடம் நீட்டி என்ன செய்ய? மேலதிகாரிக்குத் தனியாக மனு எழுதிவிட்டேன். மெரினா மணலில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கு மரப்பாதை போட்டதையும் அதில் சேர்த்திருக்கிறேன். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி சரி செய்தார்கள். நம் கண்மாய்க்கரையில் அலையும் கிடையாது, புயலும் அபூர்வம்.

பதில் வரும்போது வரட்டும். உங்களுக்கு ஒருநாள் லீவு கிடைத்தால் சொல்லுங்கள், சாமநத்தம் போவோம். பின்சீட்டு காலிதான். அங்கே வந்து வண்டியைவிட்டு மட்டும் இறங்கக்கூடாது.