கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுமுன் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டி: நான்காவது கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

அனுப்புநர்:
நம் வட்டாரத்துச் சிறு சப் கான்ட்ராக்டர்கள் 11 பேர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக இதற்கு முன் மூன்று மனு கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் கவுண்டரில் சாப்பு (முத்திரை) குத்திக் கொடுத்தார்கள். நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறோம். சாப்பு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. பதில்தான் வரவில்லை. ஐயாவுக்கு இருக்கும் வேலைப் பளுவில் எங்கள் கடிதம் அடியில் போயிருக்கும் என்று எண்ணி, பணிவோடு மறுபடியும் எழுதுகிறோம்.

1. எங்களை ஐயாவுக்குத் தெரியும். மாரியம்மன் கோவில் வளைவைத் தாண்டி இருக்கும் பழைய தோட்ட லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) பிறந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். அப்பா அம்மா பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டினார்கள். தோட்டம் வீடமைப்பு நிலமான பிறகு நாங்கள் கட்டு வேலை, பூச்சு, கம்பி, வயரிங் என்று பிழைக்கிறோம். ஆளுக்கு ஐந்து பேர், பத்துப் பேர் வைத்து வேலை எடுக்கிறோம்.

2. பழைய ரப்பர் ஸ்டோருக்கு எதிரே எழும்பியிருக்கும் கடைவரிசையை ஐயா தினமும் காரில் கடந்து போவீர்கள். அதில் கட்டும் பூச்சும் மனு எழுதும் என்னுடையது. கான்ட்ராக்ட் 46 பக்கம், முழுவதும் ஆங்கிலம். சைட்டில் ஹைலக்ஸ் வண்டியின் பானட் மேல் வைத்து நீட்டினார்கள். இரண்டு நாள் கொடுங்கள், யாரிடமாவது காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். “படிக்கிற ஆள் எனக்கு வேண்டாம், பூசுகிற ஆள்தான் வேண்டும். பின்னால் இன்னொருத்தர் காத்திருக்கிறார்” என்றார் மெயின் கான்ட்ராக்டரின் மேனேஜர். வேறு வழியில்லாமல் 46 பக்கத்திலும் ஓரத்தில் இனிஷியல் போட்டேன். கை கழுவக்கூட நேரமில்லை. பல பக்கங்களில் சிமெண்ட் விரல் அப்படியே பதிந்திருக்கிறது.

3. வேலை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கு வரவேண்டியது 64,700 வெள்ளி (ரிங்கிட்). எப்போது கேட்டாலும் ஒரே பதில்: “மேலே எனக்கு வரவில்லை, வந்தால் தருகிறேன். கான்ட்ராக்டிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்.” பார்த்தால் உண்மையிலேயே இருக்கிறது! சரி, நம் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. தீபாவளிக்கு மஞ்சள் கயிறோடுதான் கோவிலுக்கு வந்தாள்.

அப்புறம் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னார்கள். அரை மணி நேரம்தான் புரட்டினார். அந்த ஷரத்தே செல்லாது என்றார். 2012ஆம் ஆண்டின் கட்டுமானப் பணப் பட்டுவாடாச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், சீப்பா என்கிறார்கள். 15.4.2014 முதல் நடப்பில் இருக்கிறது. மேலிருந்து பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்று எழுதிய ஷரத்து, அதன் 35ஆம் பிரிவின்படி வெற்று ஷரத்து. எழுத்தில் கான்ட்ராக்ட் இருந்து, முறையாக எழுத்தில் பணம் கேட்டால், அவர்கள் 10 வேலை நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நான் ஏழு மாதமாகக் கேட்டதெல்லாம் போனிலும் வாய்ஸ் மெசேஜிலும்! இத்தனை வருடமாகச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் யாருக்குத் தெரியும், ஐயா? எங்களிடம் யார் சொன்னார்கள்?

4. அந்தச் சட்டமும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. கையெழுத்துக்கு முன்பே பேசியிருந்தால் இவற்றை மாற்றக் கேட்டிருக்கலாம் என்று வழக்கறிஞர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்:

அ. சைட் சுத்தம் செய்ததாக 4,200 வெள்ளி கழித்தார்கள். “அவர்கள் கருத்துப்படி” எவ்வளவும் கழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, போட்டோ காட்டிய பிறகுதான் கழிக்கலாம் என்று மாற்றியிருக்கலாம்.

ஆ. பின்பக்கக் கால்வாய்ச் சுவரை இரண்டு வரிசை ஏற்றச் சொன்னார் சூப்பர்வைசர். வாயால் சொன்னார். ஏற்றினேன். எழுத்தில் ஆர்டர் இல்லாத கூடுதல் வேலைக்குக் காசில்லையாம்.

இ. பழுது வந்தால் சரிசெய்வதற்கென்று என் பணத்தில் பிடித்து வைத்த 5 விழுக்காடு என் வேலை முடிந்த தேதிக்குக் கட்டுப்பட்டதல்ல, மொத்தக் கட்டடமும் முடிந்து, அதற்கப்புறம் பழுது பார்க்கும் காலமும் முடிய வேண்டும். லிஃப்ட் வேலைக்காரர் தாமதித்தால் பூச்சு வேலைக்காரன் ஏன் காத்திருக்க வேண்டும்?

5. எங்கள் கோரிக்கை பெரிதல்ல. மாதம் ஒரு சனிக்கிழமை, பாலாய்ராயாவில் (பொது மண்டபத்தில்), கட்டுமான கான்ட்ராக்ட் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர். கையெழுத்துக்கு முன் படித்து, தமிழிலோ மலாயிலோ விளக்கி, எதை மாற்றக் கேட்கலாம் என்று எழுதித் தர வேண்டும். முடிந்தால் மெயின் கான்ட்ராக்டரிடம் எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை, முடிந்ததைக் கொடுக்கிறோம். இலவசச் சட்ட உதவிக்கும் போய்ப் பார்த்தோம். கான்ட்ராக்ட் படிப்பது அதில் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழக்கறிஞர் மன்றத்துக்கும் சிஐடிபிக்கும் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) ஐயா கையெழுத்தில் ஒரு கடிதம் போனால் போதும். நாங்கள் எழுதினால் யார் பிரிப்பார்கள்?

6. மாவட்டத்து அரசாங்க வேலைகளிலாவது, சப் கான்ட்ராக்டருக்கு நகல் கொடுத்து ஏழு நாள் கழித்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஐயா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாற்காலியும் மேசையும் கூட நாங்களே கொண்டு வருகிறோம். பாலாய்ராயா சாவி ஐயாவின் அலுவலகத்தில்தான் இருக்கிறது, சனிக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்தபடி ஒருவர் கான்ட்ராக்டை ஒருவர் புரட்டிப் புரியாமல் எழுந்து போகிறோம். கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். மூன்று மனுவும் கோபமில்லாமல்தான் எழுதினோம்.

7. எங்களில் கம்பி வேலை செய்யும் தம்பி ஒருவருக்குப் புதிதாக ஒரு கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. 52 பக்கம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதற்கு முன் படித்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்து தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(11 பேர் கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மனுக்கள் 3, சாப்புடன்.