தொடக்க விழாவுக்கு முன் ஆறு எபிசோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் பாட்காஸ்ட்கள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, எந்த மைக் வாங்கலாம், எந்தச் செயலியில் பதிவு செய்யலாம் என்பதை நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் மைக் சரியில்லாததால் நின்றுபோகும் பாட்காஸ்ட் குறைவு. மூன்றாவது எபிசோடு வந்ததும், நான்காவதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுபோவதே அதிகம். வாசகர் வட்டங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள், ஊர் வரலாறு சேகரிப்போர் எனப் பலரும் இப்போது இதில் இறங்குகிறார்கள். நல்ல நாள் பார்த்து, சிறப்பு விருந்தினரை அழைத்து, தொடக்க விழா நடத்தி, அந்த வரவேற்புரையையும் வாழ்த்துரையையுமே முதல் எபிசோடாக ஏற்றிவிடுகிறார்கள். இதை மாற்றவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். முதல் ஆறு எபிசோடுகளையும் ஒரே வேலையாகத் திட்டமிட்டு, மூன்றை முடித்துக் கையில் வைத்துக்கொண்டபின் விழா வைத்தால் போதும்.

பொதுவாகச் சொன்னால் புரியாது. ஓர் எடுத்துக்காட்டை வைத்தே சொல்கிறோம். மதுரையைச் சுற்றியுள்ள பாசன ஏரிகளான கண்மாய்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, இருபது எபிசோடுகளுக்குத் தலைப்பு எழுதுவது. 'கண்மாய்களின் சிறப்பு', 'நீரின்றி அமையாது உலகு' போன்றவை இந்தக் கணக்கில் சேராது. ஒவ்வொரு தலைப்பும் ஒரு கேள்வியாக இருக்கவேண்டும். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் அல்லது ஆவணம் எது என்பதையும் பக்கத்திலேயே குறிக்கவேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இப்போது நிற்கும் உலகனேரியில், 2004-இல் அது திறக்கப்படும் முன்பு என்ன இருந்தது? மேற்கே ஓடும் பெரியாற்றை 1895-இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியபின், பழைய கண்மாய்ப் பாசன முறை என்ன ஆனது? வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதை ஊரில் யார் முடிவு செய்தார்கள்? இப்படி எழுதிக்கொண்டே போய் எட்டில் நின்றுவிட்டால், அது தொடருக்கான விஷயம் அல்ல. ஒரு மணி நேர ஆவண நிகழ்ச்சிக்கான விஷயம். அதை அப்படியே செய்துவிடுவது நல்லது.

இருபதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவம் தேவை. ஆறும் ஒரே வடிவத்தில் இருக்கக் கூடாது. ஆறுமே பேட்டி என்றால், ஒருவர் தேதி மாற்றினாலும் தொடர் நின்றுவிடும். இரண்டு பேட்டி, இரண்டு எழுதிப் பேசுவது, ஒன்று களத்தில் பதிவு செய்தது, ஒன்று பத்து நிமிடக் குறும்பகுதி என்ற கலவை தாங்கும். கண்மாய்த் தொடரில் அந்தக் குறும்பகுதி, மடையும் கலுங்கும் எப்படி வேலை செய்கின்றன என்பதாக இருக்கலாம். வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை, நிறைந்தபின் மிச்சத்தை வெளியேற்றுவது கலுங்கு. இதை விளக்கப் பத்து நிமிடம் போதும், விருந்தினர் வேண்டாம், மழையை எதிர்பார்க்கவேண்டாம், எந்த வாரமும் வெளியிடலாம். இப்படிப்பட்ட ஒன்று கையிருப்பில் இருந்தால், விருந்தினர் கைவிட்ட வாரமும் தொடர் தவறாது.

காலத்தோடு கட்டுண்ட எபிசோடைத் தனியாகப் பார்க்கவேண்டும். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் ஓசையை, அதாவது மிச்ச நீர் கலுங்கு வழியே வெளியேறும் ஓசையை, வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில், நவம்பரிலோ டிசம்பரிலோதான் பதிவு செய்யமுடியும். தொடர் பிப்ரவரியில் தொடங்குவதாக இருந்தாலும் அந்த ஓசையை முந்தைய நவம்பரிலேயே எடுத்து வைத்திருக்கவேண்டும். அதேபோல ஆடி மாதத்தில் கிராமத்தில் களப்பதிவு வேண்டாம். அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பேட்டியின் பின்னணியில் சினிமாப் பாட்டு விழுந்தால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம் என்பது ஒரு பக்கம், யூடியூபில் ஏற்றும்போது அந்தப் பாட்டுக்காகக் காப்புரிமைக் கோரிக்கையும் வந்து சேரலாம். எங்கே பதிவு செய்யப்போகிறோமோ அந்த ஊரில் திருவிழா எப்போது என்று முன்பே கேட்டுக்கொள்வது திட்டமிடலின் ஒரு பகுதிதான்.

முதல் எபிசோடு எது? 'நாங்கள் யார், ஏன் இதைத் தொடங்கினோம்' என்பது நிச்சயமாக இல்லை. யாரென்றே தெரியாதவர்கள் ஏன் தொடங்கினார்கள் என்று அறிய யாருக்கும் அவசரம் கிடையாது. கையில் இருப்பதிலேயே வலுவானதும், முன்பின் தெரியாமல் கேட்டாலும் தனியாக நிற்கக்கூடியதும் முதலில் வரவேண்டும். மேலே சொன்னவற்றில் அது உலகனேரி. நீதிமன்றக் கிளையைப் பேருந்திலிருந்து பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி புரியும். தொடருக்கான அறிமுகத்தை டிரெய்லரில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியிடும் வரிசையில் பதிவு செய்யக் கூடாது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. யாருடைய முதல் பதிவும் சற்று விறைப்பாகத்தான் இருக்கும். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவது, எங்கே மூச்சு விடுவது என்பதெல்லாம் இரண்டு மூன்று பதிவுகளுக்குப் பிறகுதான் கைவரும். ஆகவே மூன்றாவதாக வெளியிடப்போவதை முதலில் பதிவு செய்து, உலகனேரியை மூன்றாவதாகப் பதிவு செய்யவேண்டும். அதற்கும் முன்னால், வெளியிடவே போவதில்லை என்று முடிவு செய்து ஒரு முழு எபிசோடை எடுத்து, எடிட் செய்து, குடும்பத்தார் அல்லாத நான்கு பேருக்குக் கொடுக்கவேண்டும். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எத்தனையாவது நிமிடத்தில் கவனம் போனது என்று கேளுங்கள். நான்கில் இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் கோளாறு அங்கே இருக்கிறது.

வரிசை மாறும் என்பதால் பேச்சிலும் கவனம் தேவை. 'போன வாரம் சொன்னோமே', 'நேற்று பெய்த மழையில்', 'அடுத்த எபிசோடில் பார்ப்போம்' ஆகியவை முதல் ஆறில் எங்கும் வரக் கூடாது. தொடக்க வரிகளையும் முடிவு வரிகளையும் தனிக் கோப்பாகப் பதிவு செய்தால், பின்னால் வரிசையை மாற்றும்போது அவற்றை மட்டும் மறுபடி பேசினால் போதும்.

முதல் நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மேடைப் பழக்கம் தமிழில் ஆழமாக ஊறியது. அவையோரை விளித்து, விருந்தினரின் பட்டங்களை வரிசையாகச் சொல்லி, வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி கூறி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகத் தயங்குவார். செல்போனில் கேட்பவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. கேள்வி முதல் வாக்கியத்திலேயே வரட்டும். பிறகு ஆறேழு விநாடி இசை, பிறகு தொடரின் பெயர், விருந்தினரைப் பற்றி இரண்டே வாக்கியம், அவ்வளவுதான். அந்த இசைக்குச் சினிமாப் பாடலின் பின்னணித் துணுக்கைப் பயன்படுத்த வேண்டாம். 'சில விநாடிதானே' என்பதற்குச் சட்டத்தில் விலக்கு கிடையாது. படைத்தவரே நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையிலும் 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளதைத் தவிர்க்கவேண்டும். பேச்சோடு கலந்து வெட்டி ஒட்டுவதும் மாற்றமாகவே கொள்ளப்படலாம்.

மொழிநடையையும் முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்யவேண்டும். 'கண்மாய் நிரம்பியிருக்கின்றது' என்று எழுதி வைத்துப் படித்தால், எவ்வளவு நல்ல குரலும் செய்தி அறிக்கையாகிவிடும். 'கண்மாய் நெறஞ்சிருக்கு' என்று பேசப்போகிறோம் என்றால் தாளிலும் அப்படியே எழுதவேண்டும். எழுத்துத் தமிழை நடுவழியில் பேச்சாக மாற்றிக்கொண்டே படிப்பது யாராலும் சீராக முடியாது. ஒரு எபிசோடில் ஒரு நடை, அடுத்ததில் வேறு நடை என்றால் கேட்பவர் அதை வேறு நிகழ்ச்சியாகவே உணர்வார். பேட்டி தருபவரின் வட்டாரப் பேச்சைத் திருத்தவோ, அவர் சொன்னதை உடனே எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்லவோ வேண்டியதில்லை. வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிடும் நீர்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர் தன் சொற்களில் சொல்வதைக் கேட்பதற்காகத்தானே அவரைத் தேடிப் போகிறோம்.

நீளக் கணக்கு இது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் போகும். 25 நிமிடத்துக்கு 2,500 சொற்கள் எழுதவேண்டும். பேட்டி என்றால் 45 நிமிடம் பதிவு செய்தால்தான் 25 நிமிடம் தேறும். புதியவர்களுக்கு எடிட்டிங், முடிந்த ஒலியின் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு நேரம் எடுக்கும். எழுத்து, பயணம், பதிவு எல்லாம் சேர்த்தால் ஓர் எபிசோடுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். வேலைக்குப் போகிறவரால் வாரம் ஒன்று முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று அறிவித்து அதைத் தவறாமல் கொடுப்பதே மேல்.

ஒலியில் முதல் ஆறும் ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒரே மைக், ஒரே அறை, வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி, மைக் சற்றே பக்கவாட்டில். 'ப' ஒலியில் காற்று அடிக்காமல் இருக்க இதுவே போதும். மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். அதன் இரைச்சலை மென்பொருளால் நீக்கினால் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடலாம். பேச்சின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத 30 விநாடி அமைதியைப் பதிவு செய்துகொண்டால், வெட்டிய இடங்களை நிரப்ப உதவும். முடிந்த கோப்பின் ஒலியளவு ஸ்டீரியோ (இரு தடம்) என்றால் மைனஸ் 16, மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் மைனஸ் 19 எல்.யு.எஃப்.எஸ். காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு இது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். பேச்சு மட்டும் என்றால் 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 போதும்; 25 நிமிடம் 12 எம்பியில் அடங்கும். வெளியூர் விருந்தினரைத் தொலைபேசி வழியாகவே பதிவு செய்யாமல், அவர் பக்கத்தில் இன்னொரு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அதில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இருவரும் ஒரு முறை கை தட்டினால் இரண்டு கோப்புகளையும் பிறகு பொருத்துவது எளிது. பேட்டியை வெளியிடச் சம்மதம் என்று அவர் வாயாலேயே பதிவின் முன்னால் சொல்லிவிடவேண்டும்.

டிரெய்லரைக் கடைசியில்தான் தயாரிக்கவேண்டும், ஏனென்றால் அதில் வரவேண்டியது முடிந்த மூன்று எபிசோடுகளின் உண்மையான துணுக்குகள். அறுபதிலிருந்து தொண்ணூறு விநாடி போதும். ஏற்றும்போது அதை டிரெய்லர் வகை என்று குறிக்கத் தவறினால், அதுவே முதல் எபிசோடாகப் பட்டியலில் நிற்கும். இதை வெளியீட்டு நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக ஏற்றிவிடவேண்டும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் புதிய தொடர்களைச் சரிபார்த்துத்தான் சேர்க்கிறது, அதற்குச் சில நாட்கள் ஆகலாம். சரிபார்ப்புக்கு ஃபீடில், அதாவது செயலிகள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் இணையப் பட்டியலில், டிரெய்லர் ஒன்று இருந்தாலே போதும். விழா நாளன்று காலையில் ஃபீடைத் தொடங்கிவிட்டு, மாலையில் விருந்தினரை வைத்துப் பட்டனை அழுத்தினால் பல செயலிகளில் தொடர் தெரியாமல் போகலாம்.

ஃபீடில் பதியும் மின்னஞ்சல் முகவரி அமைப்பின் பொது முகவரியாக இருக்கவேண்டும். படித்து முடித்து வெளியேறிய மாணவரின் சொந்த முகவரியில் தொடங்கிய கல்லூரித் தொடரைப் பிறகு மீட்பது பெரும் பாடு. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். ஆனால் போனில் அது கட்டைவிரல் நகமளவுதான் தெரியும். மெல்லிய எழுத்துருவில் அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். மூன்று சொற்களுக்கு மேல் வைக்காமல், தடித்த எழுத்தில் அமைத்து, போனில் சிறிதாக்கிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். எபிசோடு தலைப்பின் முன்னால் தொடர் பெயரையும் எண்ணையும் போடவேண்டாம்; திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும், எண்ணுக்குத் தனி இடம் ஃபீடிலேயே இருக்கிறது. ரோமன் எழுத்தில் தட்டித் தேடுவோர் ஏராளம் என்பதால், தொடர் விவரத்தில் பெயரை அந்த எழுத்திலும் ஒரு முறை எழுதிவிடுங்கள்.

வெளியீட்டு நாளில் இரண்டு எபிசோடுகள் வரட்டும். ஒன்று பிடித்துப்போனவருக்கு அங்கேயே இன்னொன்று கிடைக்கவேண்டும். அப்போதுதான் தொடரைப் பின்தொடர்வார். ஆறையும் ஒரே நாளில் கொட்டிவிட்டால் அடுத்த இரண்டு மாதத்துக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. மூன்றாவது இரண்டு வாரம் கழித்து. அது வெளிவருவதற்குள் நான்காவது முடிந்திருக்கவேண்டும். ஐந்தையும் ஆறையும் மட்டும் வேண்டுமென்றே இறுதி செய்யாமல் விடுங்கள். முதல் மூன்றில் கேட்பவர்கள் எந்த நிமிடத்தில் விலகினார்கள் என்பதை ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் வரைபடமாகவே காட்டுகின்றன. எல்லாருமே நான்காவது நிமிடத்தில் விலகினால் முகவுரை நீளம். பாதியில் விலகினால் பேட்டியில் கேள்வி தீர்ந்துவிட்டது. அதைப் பார்த்து ஐந்தாவதைத் திருத்தலாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். புதிய தமிழ் பாட்காஸ்ட்களை அறிமுகப்படுத்தும்போது, தொடக்க விழாப் படத்தோடு செய்தியாகப் போடுவதற்குப் பதில், மூன்றாவது எபிசோடு வந்தபின் மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இடம் கிடைக்கும் என்பதற்காகவே விழாவை முந்திக்கொண்டு வைப்பவர்கள் உண்டு. நாளிதழ் மூன்றாவது எபிசோடு வரை காத்திருக்கிறது என்று தெரிந்தால், அவர்களும் மூன்றை முடித்துக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, ஒலித்தொகுப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
மதுரை.