பில்லி கோர்கனுக்காகவும் அவருக்கு எதிராகவும் சண்டை போடும் ரசிகர்களுக்கு

அன்புள்ள ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் ரசிகர்களே,

உங்களில் இரண்டு கட்சி இருக்கிறது. இந்த அமெரிக்க ராக் குழுவின் பாடகர் பில்லி கோர்கன் மேதை, மற்ற மூவரும் மேடையில் அவர் பக்கத்தில் நின்றவர்கள், அவ்வளவுதான் என்பது முதல் கட்சி. அவர் சர்வாதிகாரி, கையில் கிடைத்த அருமையான குழுவைத் தானே உடைத்துவிட்டு, 2000க்குப் பிறகு அந்தப் பெயரை வைத்துக் காலம் தள்ளுகிறார் என்பது இரண்டாவது கட்சி. வருடக்கணக்காக இந்தச் சண்டையைப் படித்து வருகிறேன். சில சமயம் நடுவில் புகுந்து அடியும் வாங்கியிருக்கிறேன். இந்த மடல் இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் நீங்கள் இரு தரப்பும் சொல்வது ஒரே கதை: ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்றால் ஒரே ஆள். ஒரு தரப்பு அதைப் புகழ் மாலையாகப் போடுகிறது, இன்னொரு தரப்பு குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறது. அந்தக் கதையே தவறு என்கிறேன்.

முதல் கட்சியின் பெரிய ஆயுதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1993இல் வந்த சயாமிஸ் ட்ரீம் ஆல்பத்தில் கிதாரும் பேஸ் கிதாரும் பெரும்பாலும் கோர்கன் தானே வாசித்தவை. இது வதந்தி இல்லை, உண்மை. 1992 டிசம்பரில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் டிரம்மர் ஜிம்மி சேம்பர்லின் போதைப் பழக்கத்தால் திடீர் திடீரென்று காணாமல் போவார். கிதாரிஸ்ட் ஜேம்ஸ் இஹாவும் பேஸ் வாசித்த டார்ஸி ரெட்ஸ்கியும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள். கோர்கனுக்குத் தற்கொலை எண்ணம் வரை போன மனச்சோர்வு. செலவு பட்ஜெட்டைவிட இரண்டரை லட்சம் டாலர் எகிறியது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு ஆள் கிதார் மேல் கிதாராக அடுக்கிக்கொண்டே போனார். சோமா என்ற ஒரு பாட்டில் மட்டும் நாற்பது கிதார் தடங்கள் வரை இருப்பதாகச் சொல்வார்கள்.

சரி. அந்த சோமா பாட்டை எழுதியவர்கள் பட்டியலைப் பாருங்கள். கோர்கனோடு இஹாவின் பெயரும் இருக்கிறது. ரசிகர்கள் வாக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் நீங்கள் தூக்கிப் பிடிக்கும் மயோனைஸ் பாட்டிலும் அப்படித்தான். இந்த இரண்டையும் எடுத்துவிட்டு அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், அதன் மென்மையான பாதி காணாமல் போயிருக்கும்.

டிரம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1988இல் சிகாகோவில் இந்தக் குழு தொடங்கியபோது டிரம்மரே கிடையாது, டிரம் மெஷின்தான். மெட்ரோ கிளப்பின் உரிமையாளர் ஜோ ஷனஹான், உயிருள்ள டிரம்மர் ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றார். அப்படி வந்தவர்தான் சேம்பர்லின், ஜாஸ் பக்கம் இருந்து வந்த ஆள். அவர் வந்த பிறகுதான் குழுவின் சத்தமே முரட்டுத்தனமாக மாறியது. செரப் ராக் பாட்டு எப்படித் தொடங்குகிறது? கிதாரில் இல்லை, டிரம்ஸ் உருட்டலில். கீக் யூஎஸ்ஏ பாட்டில் கிதார் ஓடுகிறதா, டிரம்ஸ் துரத்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ராக் டிரம்மர்களில் பலர் இடி இடிப்பதையே வேலையாக வைத்திருந்தார்கள். சேம்பர்லின் அதே இடிக்குள் மெல்லிய அடிகளை ஒளித்து வைத்தார். தாளம் முன்னே சாய்ந்து போகிற அந்த உணர்வை எந்தப் பாடகரும் தனியாக உண்டாக்க முடியாது. சயாமிஸ் ட்ரீமை ஒரே ஆளின் ஆல்பம் என்று யாராவது சொன்னால், அவர் பாட்டின் பாதியைக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்னொருவரும் அந்த அறையில் இருந்தார். தயாரிப்பாளர் புட்ச் விக். கோர்கன் அளவுக்கே சுத்தம் பார்க்கிற ஆள், தானே ஒரு டிரம்மரும்கூட. முதல் ஆல்பமான கிஷ் தொடங்கி அவர்தான் கூட இருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1995இல், மெலன் காலி அண்ட் தி இன்ஃபினிட் சேட்னஸ். 28 பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம், வந்த வாரமே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். பிறகு அதற்கு அமெரிக்காவில் ஒரு கோடி எண்ணிக்கைக்கான வைர அங்கீகாரமும் கிடைத்தது. (இரட்டை ஆல்பம் என்பதால் விற்ற ஒவ்வொரு பிரதியும் இரண்டாக எண்ணப்பட்டது. வாக்குவாதத்தில் அந்தக் கோடி எண்ணிக்கையை வீசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.) இந்த முறை ஃப்ளட், ஆலன் மோல்டர், கோர்கன் மூவரும் தயாரிப்பு. ஃப்ளட் வந்ததும் வேலை முறையையே மாற்றினார். ஒவ்வொரு நாளும் குழு சேர்ந்து வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் நேரம் ஒதுக்கச் சொன்னார். அதற்கு முன் ரெக்கார்டிங் நாட்களில் இவர்கள் அப்படிச் செய்ததே இல்லை. யாரும் சும்மா உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. இஹாவும் டார்ஸியும் முன்னைவிட அதிகமாக வாசித்தார்கள்.

உங்களில் எத்தனை பேருக்கு 1979 என்ற பாட்டின் கதை தெரியும்? அது ஆல்பத்தில் இடம்பெறவே வேண்டியதில்லை என்ற நிலையில் இருந்தது. டெமோவைக் கேட்ட ஃப்ளட்டுக்குத் திருப்தி இல்லை. ஒரு நாள் அவகாசம் கொடுத்தார், இல்லையென்றால் அது வெளியே. கோர்கன் நான்கு மணி நேரம் உட்கார்ந்து அதை முடித்தார். மறுநாள் கேட்ட ஃப்ளட் சரி என்றார். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பாடல் பட்டியலில் 12ஆம் இடம் வரை போய், இந்தக் குழுவின் மிக உயர்ந்த இடத்தைத் தொட்ட பாட்டு அது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரிடம், உன் முயலை இன்னொரு தடவை எண்ணிப் பார் என்று ஒருவர் சொன்னார், அவரும் எண்ணினார். நல்ல பாட்டுகள் வந்த காலமெல்லாம் அந்த அறையில் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவராவது இருந்திருக்கிறார். என் வாதம் முழுக்க இதுதான். மேதை கட்சிக்கும் இது பதில், சர்வாதிகாரி கட்சிக்கும் இது பதில்.

அப்படி ஒரு ஆள் கூட இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1996 ஜூலையில் நியூயார்க்கில், சுற்றுப்பயணத்தில் கீபோர்டு வாசித்த ஜொனாதன் மெல்வாய்ன் ஹெராயினால் இறந்துபோனார். அவரோடு இருந்த சேம்பர்லின் பிழைத்தார், ஆனால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதே வருடக் கடைசியில் கோர்கனின் தாயும் இறந்தார். 1998இல் வந்த அடோர் இந்த இழப்புகளுக்குப் பிறகான ஆல்பம், பல பாட்டுகளில் டிரம் மெஷின். நான் அதை நேசிக்கிறேன், சில இரவுகளில் மெலன் காலியைவிட அதிகமாகவே. ஆனாலும் அதன் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு நாற்காலி காலியாக இருப்பது காதில் விழுகிறது. பாடகர் அதே ஆள், எழுதியவர் அதே ஆள், ஆனால் குழு வேறு.

இப்போது இரண்டாவது கட்சிக்கு. உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2004இல் கோர்கன் இணையத்தில் எழுதியதை நானும் படித்தேன். 2000இல் குழு உடைந்ததற்கு இஹாதான் காரணம் என்றார், டார்ஸியைப் பற்றி இங்கே திருப்பிச் சொல்லத் தகாத வார்த்தைகளைச் சொன்னார். மறு வருடமே, 2005 ஜூனில், தன் முதல் தனி ஆல்பம் வெளியான அதே நாளில், சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, என் குழு எனக்குத் திரும்ப வேண்டும் என்றார். 2007இல் வந்த ஸைட்கைஸ்ட் ஆல்பத்தில் பழைய ஆட்களில் சேம்பர்லின் மட்டும்தான் இருந்தார். 2018இல் மறுபடி சேர்ந்தபோது, டார்ஸியைப் பலமுறை அழைத்தோம், அவர்தான் தட்டிக்கழித்தார் என்று குழு அறிக்கை விட்டது. கொடுத்த வாய்ப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று டார்ஸி பேட்டி கொடுத்தார். நால்வரில் மூவர் மேடையேறினார்கள். அதை முழு மறுசந்திப்பு என்று விற்றது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் இந்தக் குணத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கப் பார்க்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. ஹெராயின் யாருடைய குணமும் இல்லை. மெல்வாய்னின் சாவுக்குப் பிறகு எந்தக் குழுவாக இருந்தாலும் பழையபடி இருந்திருக்காது.

அப்புறம், கோர்கன் சும்மா முறைத்துக்கொண்டே பிறந்தவர் மாதிரி பேசுவதையும் விடுங்கள். 1990களின் தொடக்கத்தில் மாற்று ராக் என்றால் சியாட்டில்தான். இவர்கள் சிகாகோ. சொந்த ஊர்க்காரர்களே இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1994இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி, சிகாகோ ரீடர் பத்திரிகைக்கு எழுதிய காட்டமான கடிதத்தில் இவர்களைப் பழைய வானொலி ராக் குழு ஒன்றோடு ஒப்பிட்டு, கடைசியில் இவர்கள் முக்கியமே இல்லை என்றார். (இந்தக் குழுவைப் பற்றி மடல் எழுதுவது பழைய வழக்கம் என்று இதிலிருந்தே தெரியும்.) அதே வருடம் பேவ்மென்ட் குழு ஒரு பாட்டிலேயே இவர்களைக் கிண்டலடித்தது. ஓரத்தில் நின்றவர்களின் கூட்டத்திலும் ஓரத்தில் தள்ளப்பட்டால் ஒருவருக்கு வரும் வீம்பு எப்படிப்பட்டதென்று புரிந்துகொள்ளலாம். அந்த வீம்புக்காக அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. செரப் ராக் பாட்டே அந்தக் கூட்டத்தின் மேல் இருந்த கோபத்தில் பிறந்ததுதான், அதை நாம் எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடுகிறோம்.

அவருடைய பேட்டிகளைப் பற்றி ஒரு சின்ன சந்தேகமும் எனக்கு உண்டு. கோர்கன் சின்ன வயதிலிருந்தே தொழில்முறை மல்யுத்தத்தின் ரசிகர். 2017இல் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் அமைப்பையே விலைக்கு வாங்கிவிட்டார். அந்த உலகத்தில் வில்லன் வேடம் போடுகிறவருக்குக் கூட்டத்தின் கூச்சல்தான் கைதட்டல். இவருடைய பேட்டிகளில் பாதியாவது அந்த வகை என்று நினைக்கிறேன். அவர் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் நீங்கள் கொதித்தால், அவர் மனதுக்குள் டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

2000க்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். 2012இல் வந்த ஓஷியானியாவைக் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டீர்கள்? அதில் கோர்கனோடு வாசித்தவர்கள் ஜெஃப் ஷ்ரோடர், நிக்கோல் ஃபியரென்டினோ, மைக் பைர்ன். இளம் டிரம்மரான பைர்ன் சேம்பர்லினின் இடத்தில் உட்கார்ந்து, அவரைப் போல நடிக்காமல் வாசித்தார். ஒரு முழுக் குழு வாசித்த ஆல்பம் அது. அதனால்தான் அது நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வந்த சில ஆல்பங்கள் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் காரணம் அதுவே. மூன்று பாகமாக 33 பாட்டுகளோடு வந்த ஆட்டம் ஆல்பத்தைக் கேட்டபோது, பத்துப் பாட்டு போதும் என்று சொல்ல ஒருவர்கூடவா இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. 2024இல் வந்த அகோரி மோரி மேயில் பத்தே பாட்டுதான். யார் சொன்னார்களோ, நல்லது.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2000 செப்டம்பரில், மஷீனா ஆல்பத்தின் இரண்டாம் பாகத்தை இசைத்தட்டு நிறுவனம் வெளியிட மறுத்தபோது, 25 வினைல் இசைத்தட்டுப் பிரதிகள் மட்டும் அச்சடித்து, இணையத்தில் இலவசமாகப் பரப்புங்கள் என்று சொல்லி நண்பர்களிடமும் சில ரசிகர்களிடமும் கொடுத்தார்கள். அதை டிஜிட்டலாக மாற்றி உலகம் முழுக்கக் கொண்டு போனது ரசிகர்கள்தான். வினைலின் கீறல் சத்தத்தோடு அந்தப் பாட்டுகள் எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தன. ஒரே ஆளின் குழு என்றால், அந்த வேலையை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இந்த வாக்குவாதம் தொடங்கும்போது, பேட்டிகளையும் அறிக்கைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பாட்டின் பெயரைச் சொல்லுங்கள். அதில் யார் வாசித்தார், யார் எழுதினார், யார் வேண்டாம் என்றார் என்று பேசுவோம். கோர்கனைப் பிடிக்காதவர்கள் பிடிக்காமலே இருங்கள். இஹாவின் பெயரையும் சேம்பர்லினின் பெயரையும் டார்ஸியின் பெயரையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஸைட்கைஸ்ட் நல்ல ஆல்பம் என்று யாராவது வந்தால் அது தனிச் சண்டை. அதற்கும் தயாராகவே இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு ரசிகன்