படத்தில் இருப்பது எந்தத் தேன்சிட்டு?

அன்பு மகளுக்கு,

நீ கண்டியிலிருந்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தேன். திருகோணமலை உப்புவெளியில் நம் வீட்டுச் செவ்வரத்தைக்கு வரும் அதே தேன்சிட்டு அங்கேயும் வருகிறது என்று எழுதியிருந்தாய். நம் வீட்டுக்கு வருவது ஊதாத் தேன்சிட்டு. நீ படம் பிடித்திருப்பது லோட்டன் தேன்சிட்டு என்பதே என் கணிப்பு. இரண்டிலும் ஆண் பறவை நிழலில் கறுப்பாகவும் வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாகவும் தெரிவதாலும், இரண்டுக்கும் சிறகடியில் மஞ்சள் இறகுக் கற்றை இருப்பதாலும், மினுக்கத்தை வைத்து இனம் பிரிக்கப் புறப்பட்டால் தடுமாறத்தான் வேண்டியிருக்கும். ஆகவே மினுக்கம் இல்லாத இடங்களைப் பார்.

வயிற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இனப்பெருக்கக் காலத்து ஊதாத் தேன்சிட்டின் ஆண், தொண்டை முதல் வாலடி வரை கருநீலமாகவே இருக்கும். லோட்டனின் வயிறோ, புகை படிந்த அடுப்படிச் சுவர்போல ஒளியற்ற கரும்பழுப்பு. மேலே மின்னும் பகுதியும் கீழே மங்கிய பகுதியும் சேரும் இடத்தில், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கருஞ்சிவப்புப் பட்டி ஓடும். ஊதாவின் நெஞ்சிலும் மெல்லிய செம்பழுப்புக் கீற்று ஒன்று வெளிச்சம் வாய்க்கும்போது தென்படும் என்பதால், பட்டியை மட்டும் நம்பி முடிவெடுத்துவிடாதே. உன் படத்தில் வயிறு தெளிவாகவே பழுப்பு.

அடுத்தது அலகு. ஊதாத் தேன்சிட்டு அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். லோட்டன் 13 அளவில் வரும். லோட்டனின் அலகு தலையைவிட நன்கு நீண்டு, ஆழமாக வளைந்து கீழ்நோக்கி இறங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இதில் ஐயமே வராது. ஆனால் பறவை உன்னை நேரே பார்த்திருக்கும்போது எடுத்த படத்தில் எந்த அலகும் குட்டையாகத்தான் விழும். நம் முற்றத்தில் ஊதா, பூவின் வாய்க்குள் தலையை விடாமல் செவ்வரத்தையின் அடியைப் பக்கவாட்டில் குத்தித் தேனை எடுப்பதை நீயும் கண்டிருப்பாய்; அந்தத் துளைகள் வாடிய பூவிலும் தெரியும்.

ஊதாவின் ஆணுக்கு இன்னொரு வேடமும் உண்டு. கூடு கட்டும் காலம் முடிந்ததும் அது கருநீலத்தை உதிர்த்துவிட்டு, பெண்ணைப்போல மேலே பழுப்பும் கீழே மஞ்சளுமாக மாறும். தாடையிலிருந்து வயிறு வரை நடுவில் இறங்கும் ஒரு கருங்கோடுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். இறகு மாறும் நாட்களில் திட்டுத்திட்டாக, பார்க்கவே பாவமாக இருக்கும்.

பெண் பறவைகளைப் பிரிப்பதுதான் மெய்யான சோதனை. ஊதாவின் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக் கோடு ஒன்று மங்கலாகவேனும் இருக்கும். லோட்டனின் பெண்ணுக்கு அது இல்லை. இலை மறைவில் புருவம் தெரியாதபோது மீண்டும் அலகிடமே போக வேண்டும்.

லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர். நம் திருகோணமலைக் கோட்டையும் அப்போது ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. பறவைகளை வரைவிப்பதில் ஈடுபாடு கொண்டிருந்த அவருடைய பெயரை, 1766ஆம் ஆண்டில் உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட அறிஞர் லின்னேயசு இந்தச் சிட்டுக்கு வைத்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பறவை இது. ஊதாவோ மேற்கு ஆசியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்து கிடக்கிறது. இங்கே திருகோணமலையிலும் லோட்டன் இல்லாமல் இல்லை. கன்னியாப் பக்கம் மரங்கள் அடர்ந்த இடங்களில் கண்டிருக்கிறேன்.

அங்கே சோடியாக வருகின்றன என்றும் சொன்னாய். இனிப் படம் எடுக்கும்போது பெண்ணைப் பக்கவாட்டில், கண்ணும் அலகும் தெரியும்படி எடுத்து அனுப்பு. அது வரும்வரை என் கணிப்பை மாற்ற மாட்டேன்.

அன்புடன்,
அம்மா