அடித்து எழுதும் உரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்சில் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி ஊர்கள் சுமார் 35,000 இருப்பது வீண்செலவு, சிற்றூர்களை இணைத்துவிட வேண்டும் என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். க்ரூஸ் மாவட்டத்தில் இருநூறு பேர்கூட இல்லாத ஓர் ஊரில் குடியிருப்பவன் என்ற முறையில், கட்டுரையாளர் தவறான இடத்தில் கைவைத்திருக்கிறார் என்றே சொல்வேன். இத்தகைய ஊர்களில் மேயருக்கும் துணை மேயர்களுக்கும் சிறு படித்தொகை உண்டு. ஊர் மன்றத்தின் மற்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கிறார்கள். எங்கள் மெரியின், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தின், செயலர் வாரத்தில் இரண்டு அரைநாள்கள்தான் வருவார். மற்ற நாள்களில் பக்கத்து ஊர்களின் மெரிகளில் இருப்பார். மூவண்ணப் பட்டை அணிந்து திருமணம் நடத்திவைக்கும் அதே மேயர்தான், புயலில் மரம் சாய்ந்தால் நள்ளிரவில் டார்ச்சுடன் வந்து நிற்கிறார்.

கட்டுரை தொடாமல் விட்டது ஊர் மன்றத் தேர்தல் முறையை. ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களில், அதாவது நாட்டின் கொம்யூன்களில் பத்துக்கு ஏழில், வாக்காளர் தம் வாக்குச்சீட்டில் பிடிக்காதவர் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, போட்டியிடும் வேறொருவர் பெயரை எழுத முடிந்தது. வாக்கு எண்ணிக்கையன்று ஊர்க்காரர்களே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொரு சீட்டையும் பெயர் பெயராக வாசித்துக் கோடு போட்டு எண்ணுவார்கள். யாருக்கு எத்தனை என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிடும். வேலித் தகராறும் பழைய பங்காளிப் பகையும் அந்தக் கணக்கில் புகுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால், ஆறு ஆண்டுகள் மன்றத்தில் வாய் திறக்காத உறுப்பினருக்கு ஊர் தன் கருத்தைச் சொல்ல அதைவிட நேரான வழி இருந்ததில்லை.

2025 மே 21ஆம் தேதியிட்ட சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2026 மார்ச் தேர்தல் முதல், ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெறும் மூடிய பட்டியல்தான். ஒரு பெயரை அடித்தாலும் சீட்டு செல்லாது. மேயர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே பெண் என்றிருந்த நிலையை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இளைஞர்கள் வேலை தேடிப் போய்விட்ட ஊரில் ஒரு பட்டியலை நிரப்புவதே பெரும்பாடாக இருக்க, இரண்டாவது பட்டியலுக்கு ஆள் எங்கே? ஒரே பட்டியல் நின்றால், அதை முழுமையாக ஏற்பதா, வெற்றுச் சீட்டைப் போடுவதா என்பதைத் தவிர வாக்காளருக்கு வேறு தேர்வு இல்லை.

இணைப்பைப் பரிந்துரைக்கும் கட்டுரையாளர், இந்தச் சட்டத்தையும் ஆராய்ந்து, பட்டியல் கிடைக்காத ஊர்களில் நிர்வாகம் யார் கைக்குப் போகிறது என்பதை எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
க்ரூஸ், பிரான்ஸ்