மோயாறு ஏன் நேராக ஓடுகிறது?

அன்பு நண்பா,

உன் மெயில் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளா, ரொம்ப சந்தோஷம். என் மூட்டுவலி பழையபடிதான், அதனால் இப்போதெல்லாம் டோப்போ ஷீட்டில்தான், அதாவது மேடுபள்ளம் காட்டும் நில வரைபடத்தில்தான், மலையேற்றம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்தில் இறக்கி, நீலகிரியின் வடசரிவைப் பெரிதாக அச்சடித்து ஹாலில் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் திட்டுதான்.

வரைபடத்தில் ஓடையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாயே. நீலக் கோட்டைத் தேடாதே, பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளைப் பார், ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைப்பவை அவை. நெருங்கி வந்தால் சரிவு செங்குத்து, விலகினால் தரை சமம். ஓடையைக் கடக்கும்போது அவை வளைந்து கூராகும், அந்தக் கூர் எப்போதும் நீர் வருகிற மேட்டுப் பக்கம்தான் நீளும். பள்ளத்தைப் பார்த்து நீண்டால் அது முகடு. ஓடையே வரையாத இடத்திலும் கூர்கள் வரிசையாக மேலே ஏறினால், பெருமழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

ஊட்டியிலிருந்து வடக்கே இறங்கும் கல்லட்டி இறக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து அடிவாரத்துச் சிகூர் பக்கம் சட்டென்று விலகிவிடும், அப்பாடா, மலை முடிந்தது என்று நினைத்தால் வடக்கே மறுபடியும் ஒரே பழுப்புத் தீற்றல். அதுதான் மோயாற்றுப் பள்ளத்தாக்கு, சுமார் 20 கிலோமீட்டர் நீளம். முதுமலைப் புலிகள் காப்பகம் என்பதால் நம்மை இறங்க விடமாட்டார்கள், வரைபடம்தான் கதி. மலையாறு என்றால் வளைந்து நெளிந்துதானே ஓட வேண்டும்? இது கிழக்கே கிட்டத்தட்ட ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி போகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைகள் உரசி நசுங்கிய நீண்ட பட்டை ஒன்று அங்கே இருக்கிறது. நொறுங்கிய பாறையை அரிப்பது தண்ணீருக்குச் சுலபம், அந்த வழியையே பிடித்துக்கொண்டது. நீலகிரிக்குத் தெற்கே பவானிக்கும் இதேமாதிரி ஒரு பட்டை உண்டு, இரண்டு ஆறும் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து பவானிசாகரில் சேர்கின்றன.

ஒன்று மட்டும் ஞாபகம் வை. இந்த ஷீட்டில் கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் 20 மீட்டர். 15 மீட்டர் அருவியோ செங்குத்துப் பாறையோ நடுவில் இருந்தால் கோடுகளில் தெரியாமலே போகலாம். ஓடையோடு இறங்கிவிடலாம் என்று இதை மட்டும் நம்பிக் கிளம்புகிறவனுக்கு என்ன தைரியமோ!

அப்புறம், உன் ஊர்ப்பக்கத்து ஷீட்டையும் இறக்கிப் பார். எந்த ஓடையாவது இப்படி நேராக ஓடினால் உடனே எழுது.